பழுதானால் தெரிந்துவிடும் பை

மார்பகத்துக்குள் வைக்கிற இம்ப்ளான்ட் பற்றிக் கேட்க வருகிறவர்கள் முதலில் அளவைக் கேட்பார்கள். அடுத்து விலை. பேசி முடித்து எழுந்து போகும்போது, கதவருகே நின்றுகொண்டு, "இது எத்தனை வருஷம் தாங்கும் டாக்டர்?" என்பார்கள். அவர்களைத் திரும்ப உட்காரவைத்து, அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து நான் பேச்சைத் தொடங்குவேன். அளவும் விலையும் அறுவை முடிந்த சில வாரங்களில் தீர்ந்துபோகிற சங்கதிகள். பை மட்டும் பத்து, பதினைந்து வருஷம் உடம்புக்குள் இருக்கப்போகிறது. அது பழுதாகும் நாளில் அவர்களுக்குத் தெரியுமா, தெரிந்தால் யாரிடம் போவார்கள், போய்வர ஒரு நாள் கூலியை இழக்க முடியுமா என்பவைதான் எனக்கு முக்கியமான கேள்விகள்.

நான் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தது சென்னை ஸ்டான்லியில். கை அறுவைக்கு அந்த மருத்துவமனையைப் பெயர் சொல்லும் இடமாக வளர்த்தவர் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி. அங்கே படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அறுந்த விரலை ஒட்டிவிட்டோம் என்று திருப்திப்படக் கூடாது. அந்தக் கை திரும்ப லேத் மெஷினைப் பிடிக்குமா, களை பறிக்குமா என்று பார்க்க வேண்டும். நோயாளி மருத்துவமனையை விட்டுப் போன பிறகு வாழப்போகும் வாழ்க்கையை வைத்துத்தான் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது எங்களுக்கு ஊட்டி வளர்த்த பாடம். மார்பக அறுவைக்கு வந்த பிறகும் அதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறேன்.

சொந்த ஊர் மதுராந்தகம். அறுவைகளைச் செங்கல்பட்டில் செய்கிறேன். வாரம் ஒரு மாலை ஊரில் உட்கார்ந்து பார்க்கிறேன். அச்சிறுபாக்கம், படாளம், செய்யூர், உத்திரமேரூர் பக்கங்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். தோல், தழும்பு, ஆறாத புண் என்று வருகிற கூட்டத்தில் கடைசியாக, எல்லோரும் போன பிறகு, உள்ளே வருகிறவர்கள்தான் பெரும்பாலும் மார்பகத்துக்காக வந்தவர்கள். "லேடி டாக்டர்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்ற வார்த்தையோடுதான் பாதிப் பேர் ஆரம்பிப்பார்கள்.

இரண்டு பக்கமும் சமமாக வளராத பெண்கள் வருவார்கள். சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சியோ குழம்போ மேலே கொட்டி, தழும்பு நெஞ்சை இறுக்கிப் பிடித்ததால் மார்பகம் எழும்பாமலே போனவர்கள் வருவார்கள். புற்றுநோய்க்கு ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டு, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ சிகிச்சையை முடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. திருநங்கைகள் வருவார்கள், குறைந்தது ஓராண்டு ஹார்மோன் எடுத்து மார்பகம் தானாக எவ்வளவு வளர்கிறது என்று பார்த்த பிறகே அவர்களுக்கு நான் அளவெடுப்பேன். இரண்டு, மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வற்றிப்போனவர்களும் உண்டு. எந்தக் காரணமும் சொல்லாமல், கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. இவர்களில் யாருடைய காரணம் உயர்ந்தது என்று நான் தரம் பிரிப்பதில்லை.

2018 பிப்ரவரியில் ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அழகு அறுவைக்கு இலவசப் பிரிவு தொடங்கியபோது நாடு முழுக்கப் பேச்சானது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கர் அந்தத் திட்டத்தின் பின்னால் நின்றார். அரசுப் பணத்தில் அழகுச் சிகிச்சையா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. நான் அந்தத் திட்டத்தின் பக்கம்தான் நின்றேன், இன்றும் நிற்கிறேன். பணமுள்ளவர் நுங்கம்பாக்கத்தில் செய்துகொண்டால் அது அவர் விருப்பம், பணமில்லாதவர் கேட்டால் ஆடம்பரம் என்கிற நியாயம் எனக்குப் புரிவதில்லை. ஆனால் இலவசமாக வைத்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. பையை வைத்த பிறகு பல வருஷம் அதைக் கண்காணிக்க வேண்டும். ஏழைப் பெண்ணுக்கு அறுவையைவிட அந்தக் கண்காணிப்புதான் எட்டாத தூரத்தில் இருக்கிறது. எந்தப் பையை வைப்பது என்ற என் தேர்வு முழுவதும் அந்த இடத்திலிருந்து வருவதுதான்.

பைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே எது இருந்தாலும் வெளியே இருக்கும் உறை சிலிக்கோன் ரப்பர்தான். சலைன் பை என்றால் சிலிக்கோனே இல்லை என்று நினைத்து வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆலையிலேயே உறைக்குள் சிலிக்கோன் ஜெல்லை அடைத்து அனுப்பினால் அது ஜெல் பை. காலி உறையாக வந்து, அறுவையின்போது நாங்கள் 0.9 சதவீத உப்புநீரை நிரப்பினால் அது சலைன் பை. டிரிப் ஏற்றும் அதே சலைன்தான்.

ஜெல் பை முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சிலிருந்து சலைன் பை வந்தது. 1992இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஜெல் பைகளின் பாதுகாப்புக்குப் போதுமான சான்று இல்லையென்று சொல்லி, அழகுக்காக அவற்றை வைப்பதை நிறுத்தியது. அதன் பிறகு பதினான்கு வருஷம் அங்கே சலைன் பைகளின் காலம். மூட்டு நோய் மாதிரி உடல் முழுவதும் பரவும் நோய்கள் ஜெல்லால் வருவதாகச் சான்று இல்லையென்று 1999இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அறிக்கை கொடுத்தது. 2000 மே மாதம் சலைன் பைகளுக்கு முறையான ஒப்புதல் கிடைத்தது. 2006 நவம்பரில் ஜெல் பைகளும் திரும்பி வந்தன. பெரிதாக்கும் அறுவைக்குச் சலைன் என்றால் 18 வயது, ஜெல் என்றால் 22 வயது என்று அங்கே வரம்பு வைத்தார்கள்.

ஜெல் பை தொடுவதற்கு இயல்பாக இருக்கும். அதனால் உலகம் முழுக்க அது முன்னுக்கு வந்துவிட்டது. நம் ஊரிலும் பெரும்பாலான சர்ஜன்கள் எடுப்பது ஜெல்தான். சலைன் வேண்டுமென்றால் நான் டீலரிடம் முன்கூட்டியே சொல்லி, சில சமயம் வாரக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறேன். அந்த அலைச்சலுக்கு ஒரே ஒரு காரணம்தான்.

ஜெல் பை கிழிந்தால், பெரும்பாலும் ஜெல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எந்தப் பையை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வைக் கட்டிக்கொள்ளும். அந்தச் சவ்வுக்குள் ஜெல் தங்கிவிடும். உருவம் மாறாது, வலி இருக்காது. சைலன்ட் ரப்ச்சர் என்போம். பழகிய கையாலும் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஜெல் பை வைத்தவர்கள் 5 அல்லது 6 வருஷம் கழித்து ஒரு அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொல்கிறது.

சலைன் பை கிழிந்தால் நீர் கசியும். உடம்பு அதை உறிஞ்சிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும், கெடுதல் ஒன்றுமில்லை. சில நாள்களில், சில சமயம் ஒரே ராத்திரியில், அந்தப் பக்கம் இறங்கிவிடும். கண்ணாடி முன்னால் நின்றால் போதும், தெரிந்துவிடும். ஸ்கேன் வேண்டாம், டாக்டர்கூட வேண்டாம்.

மதுராந்தகம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் நடவுக்குப் போகிற ஒருவரையோ, மஹிந்திரா சிட்டியில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்வருகிற ஒருவரையோ நினைத்துப் பாருங்கள். நோவு ஒன்றும் இல்லாத உடம்புக்கு ஒரு நாள் லீவு போட்டு, செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ போய், ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவும் ஒரு முறை அல்ல, ஆயுள் முழுக்க. இதில் சிலர் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டுச் செய்துகொண்டவர்கள். எதற்கு ஸ்கேன் என்று மற்றவர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியாது. அவர் ஸ்கேனுக்குப் போகமாட்டார். போகாதது அவருடைய குற்றமும் அல்ல. அப்படிப்பட்டவருக்குச் சத்தமில்லாமல் பழுதாகிற பொருளை வைத்துவிட்டு, தவறாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சீட்டில் எழுதிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

சலைன் பைக்கும் ஆயுள் கெட்டி இல்லை. வருஷத்துக்கு நூறு பேரில் ஒருவருக்குக் காற்றுப்போன மாதிரி இறங்கும் என்று எங்கள் தொழிலில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. எந்தப் பையும் ஆயுளுக்கும் இருப்பதல்ல, இன்னொரு அறுவை ஒரு நாள் வரும், அதற்கும் பணம் ஒதுக்கிவையுங்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள் உண்டு. அதுவும் சரியான முடிவுதான்.

வருகிறவர்களிடம் அளவு பேசுவது தனிக் கலை. சி.சி. கணக்கு யாருக்கும் புரியாது. நூலைப் பிடித்து மார்பகத்தின் அடி அகலத்தை அளப்பேன். அந்த அகலத்துக்கு மீறிய பையை வைத்தால் அக்குள் பக்கமோ நடுவிலோ பிதுங்கும். மேல் பகுதியில் தோலையும் கொழுப்பையும் விரலால் கிள்ளிப் பிடித்து, மடிப்பு 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால், பையைத் தசைக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். இந்த இரண்டு அளவும் சேர்ந்து, எவ்வளவுக்குள் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடும். அந்த எல்லைக்குள்தான் அவர்களுடைய விருப்பம்.

விருப்பத்தைக் கண்டுபிடிக்க அரிசிதான் எனக்குக் கைகொடுக்கிறது. உலகம் முழுக்க இந்த வழி உண்டு: அரிசியை அளந்து மெல்லிய பையில் கட்டி, பிராவுக்குள் வைத்து, சில நாள் வீட்டில் நடந்து பார்க்கச் சொல்வது. நெல் விளைகிற நம் ஊரில் இது இன்னும் சுலபம். பழைய அளவில் ஒரு ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி; இரண்டு ஆழாக்கு சேர்ந்தது ஒரு உழக்கு, 336 மில்லி. "250 சி.சி." என்று சொன்னால் விழிக்கிற அம்மா, "ஒன்றரை ஆழாக்கு" என்றதும் உள்ளங்கையைக் குவித்துக் காட்டி, "இம்மாந்தானே?" என்பார். எடை மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அதே கொள்ளளவு அரிசி உப்புநீரைவிட லேசு. 250 சி.சி. சலைன் கால் கிலோவுக்குமேல் கனக்கும் என்பதைத் தனியாகச் சொல்வேன். பெரிசு வேண்டும் என்று வந்தவர்கள், அரிசிப் பையோடு துணி துவைத்து, பம்ப் அடித்து, மாடி ஏறிப் பார்த்துவிட்டு, அளவைக் குறைத்துக்கொண்டுதான் திரும்பி வருவார்கள்.

ஒரு பெண் நினைவில் நிற்கிறாள். காலேஜ் முடித்த வயது. அம்மாதான் பேசினார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க டாக்டர், அதுக்குள்ள பண்ணிடணும்." அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெண்ணிடம் கேட்டேன், "உனக்கு என்னம்மா வேணும்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "துப்பட்டாவை எப்பவும் ஒரு பக்கமாவே போட்டுப் பழகிட்டேன் மேடம். ரெண்டு பக்கமும் போட்டுட்டு காலேஜுக்குப் போனதே இல்ல. கல்யாணத்துக்காக வேணாம். எனக்கு வேணும்" என்றாள். இரண்டு பக்கமுமே சிறிது; அதில் வலது ரொம்பச் சிறிது. பஞ்சை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கிற தேதிக்கும் அறுவைக்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லி, சில மாதம் தள்ளிப்போட்டோம். அந்த இடைவெளியில் அவள் மனம் மாறவில்லை. திரும்பி வந்தபோது தனியாகத்தான் வந்தாள்.

சமமில்லாத மார்பகத்துக்குச் சலைன் பை தருகிற வசதியை வேறு எதுவும் தராது. ஜெல் பை ஒரு குறிப்பிட்ட அளவில் அடைத்து வரும். அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சலைன் பையில் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில சி.சி.க்களில்தான் சர்ஜனின் கண்ணுக்கு வேலை.

அந்தப் பெண்ணுக்குச் செய்ததைச் சொன்னால் முறை விளங்கும். மார்பகத்தின் அடி மடிப்பில் ஒரு சிறிய வெட்டு. காலிப் பை சுருண்டு உள்ளே போய்விடுவதால், ஜெல் பைக்கு வேண்டிய அளவு நீளமான வெட்டு இதற்குத் தேவையில்லை. மடிப்பு வழியாகப் போனால் பால் சுரக்கும் குழல்களை வெட்ட வேண்டியதில்லை. பின்னால் குழந்தைக்குப் பால் கொடுக்க அது நல்லது. தசைக்கு அடியில் இடம் பிரித்து, ரத்தக் கசிவு ஒரு சொட்டு இல்லாமல் நிறுத்திய பிறகு கையுறைகளை மாற்றிக்கொண்டோம். பைக்குள் இருந்த காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, சுருட்டி உள்ளே நுழைத்து, விரலால் விரித்துவிட்டேன். பையின் வால்விலிருந்து ஒரு குழாய் வெளியே வரும். அதன் முனையில் த்ரீ வே என்ற மூன்று வழித் திருகு. ஒரு பக்கம் சலைன் பாட்டில், இன்னொரு பக்கம் 50 சி.சி. சிரிஞ்ச். சலைனைக் கிண்ணத்தில் ஊற்றிவைத்து உறிஞ்சுகிற பழக்கத்தை எங்கள் தியேட்டரில் அனுமதிப்பதில்லை. பாட்டிலிலிருந்து பைக்குப் போகும்வரை அந்த நீர் காற்றைப் பார்க்கக் கூடாது. டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில், ஈரம் ஊறிய கூரைக்குக் கீழே அடுக்கியிருந்த சலைன் பாட்டில்கள் மூலம் பைகளுக்குள் பூஞ்சை புகுந்த சம்பவத்தை எங்கள் சிஸ்டர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்வேன். நிரப்புகிற நீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் இந்தப் பை.

சிஸ்டர் ஒவ்வொரு சிரிஞ்ச் போகும்போதும் சத்தமாகச் சொன்னார்: "ஐம்பது... நூறு... நூத்தம்பது." இன்னொருவர் போர்டில் வலது, இடது என்று தனித்தனியாக எழுதினார். குறித்த அளவு வந்ததும் நிறுத்தி, மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மயக்கத்தில் இருந்தவளை உட்காரும் நிலைக்குக் கொண்டுவந்தோம். மயக்க டாக்டர் தலையையும் டியூபையும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் மேசையின் கால் பக்கம் போய் நின்று பார்த்தேன். படுத்த நிலையில் சமமாகத் தெரிந்தது, உட்கார்ந்த நிலையில் வலது பக்கம் ஒரு நூல் குறைந்து தெரிந்தது. "வலது பக்கம் இன்னும் இருபது." போர்டில் எழுதினார்கள். மறுபடி பார்த்தேன். சரியாக இருந்தது. குழாயை உருவியதும் வால்வு தானே மூடிக்கொண்டது. அதன் மேல் மூடியை அழுத்தி, விரலால் சுற்றிலும் தடவி, கசிவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் தையல் கேட்டேன்.

அந்த இருபது சி.சி.யும் பெட்டியில் போட்டிருந்த எல்லைக்குள்தான். குறைவாக நிரப்பினால், பாதி காலியான பால் பாக்கெட் மாதிரி பை மடிந்து நிற்கும். ஒரே மடிப்பு நாள் முழுக்க அசைந்து அசைந்து உறை அந்த இடத்திலேயே விரியும். அதிகமாக நிரப்பினால் ஓரம் அலை அலையாகி, கல் மாதிரி கெட்டியாகிவிடும். மென்மையாக இருக்கட்டும் என்று குறைத்து நிரப்பச் சொல்லி நோயாளிகளே கேட்பதுண்டு. நான் சம்மதிப்பதில்லை.

எல்லோருக்கும் சலைன் பொருந்தாது. ரொம்ப ஒல்லியானவர்களுக்குத் தோலுக்கு அடியில் பையின் மடிப்பு விரலுக்கும் கண்ணுக்கும் தட்டுப்படும். குனியும்போது பக்கவாட்டில் அலையாகத் தெரியும். பிறவியிலேயே ஒரு பக்கம் மார்புத் தசை இல்லாத போலண்ட் குறையில் மூடுவதற்குத் தசையே இருக்காது. அங்கே முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கும். மார்பகத்தை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்த இடத்தில் தோல் மெலிந்து இறுகியிருக்கும். அங்கே எந்தப் பையை வைத்தாலும் சுற்றிக் கட்டும் சவ்வு சுருங்கிக் கல்லாக இறுகுகிற ஆபத்து அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ அவர்களுடைய சொந்தத் தசையையும் கொழுப்பையும் எடுத்து மார்பகம் கட்டுவதுதான் நல்லது. பெரிய அறுவை, நீண்ட ஓய்வு. ஆனால் ஒட்டிப் பிடித்த சொந்தச் சதைக்குக் கெடு தேதி கிடையாது, யாரும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கவும் வேண்டாம். புற்றுநோய் முடிந்து வருகிற எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இதைத்தான் முதலில் விளக்குவேன்.

தீக்காயத் தழும்போடு வருகிறவர்களுக்கு வேறு வழி. தழும்பை விடுவித்த பிறகும் அங்கே தோல் போதாது. அதனால் முதலில் டிஷ்யூ எக்ஸ்பாண்டர் என்ற பையை வைப்போம். அதுவும் சலைன் பைதான்; தோலுக்கு வெளியிலிருந்தே ஊசியால் வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, தோலை விரியச் செய்வோம். ஊசி குத்த வேண்டிய இடத்தைக் காந்தத்தால் தேடிக் கண்டுபிடிக்கிற வகைதான் நான் வைப்பது. உள்ளேயே காந்தம் இருப்பதால், அது இருக்கும் மாதங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது என்று சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக்கொடுப்பேன். வாரம் தவறாமல் வருகிற அந்த நோயாளிகள், ஒவ்வொரு ஊசிக்கும் தங்கள் உடம்பு மாறுவதைக் கண்ணால் பார்க்கிறவர்கள். கடைசியில் பையை மாற்றும் நேரத்தில், எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

உறையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. சில பைகளின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும், சிலவற்றில் சொரசொரப்பாக இருக்கும். சொரசொரப்பான உறைகளைச் சுற்றி அபூர்வமாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்த பிறகு, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது. இது உறையைப் பொறுத்த விஷயம். உள்ளே சலைனா ஜெல்லா என்பது இதில் காப்பாற்றாது. சலைன் கேட்டு வாங்குகிறவர்களும் வழவழப்பான உறையா என்று கேட்டாக வேண்டும். அதற்கு முன் 2010இல் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத் தரமில்லாத, ஆலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது வெளியில் வந்தது. அந்தப் பைகள் பல நாடுகளுக்குப் போயிருந்தன. யாருக்கு எந்தப் பை வைக்கப்பட்டது என்ற குறிப்பு கையில் இல்லாதவர்கள்தான் அப்போது அதிகம் தவித்தார்கள்.

அதனால் அறுவை முடிந்ததும் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர்களில் ஒன்றைக் கேஸ் ஷீட்டிலும், ஒன்றை நோயாளியின் அட்டையிலும் ஒட்டுவோம். நிறுவனம், வகை, வரிசை எண், எந்தப் பக்கம் எத்தனை சி.சி. நிரப்பினோம் என்பவை அதில் இருக்கும். அந்த அட்டையைப் போட்டோ எடுத்து அவர்கள் போனிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்; வீடு மாறினாலும் வெள்ளம் வந்தாலும் போன் கூடவே போகும். பின்னால் மேமோகிராம் எடுக்கப் போனால், படம் எடுக்கும் முன்பே உள்ளே பை இருப்பதைச் சொல்லுங்கள் என்பதும் அட்டையில் தமிழில் அச்சிட்டிருக்கும். பையை ஒதுக்கிவிட்டுப் படம் எடுக்கத் தனி முறை இருக்கிறது. சொல்லாவிட்டால் சின்னக் கட்டி மறைந்துபோகலாம்.

சில வருஷம் முன்பு ஒரு காலையில் போன் வந்தது. மஹிந்திரா சிட்டியில் வேலை பார்க்கிறவர். "டாக்டர், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து குளிக்கும்போது பார்த்தேன். இடது பக்கம் இறங்கிப்போச்சு. நீங்க சொன்ன மாதிரியே." குரலில் பதற்றம் இல்லை. என்ன நடந்தது, உள்ளே என்ன கசிந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாள் கடத்தினால் பை இருந்த இடம் சுருங்கிவிடும் என்பதும் தெரிந்ததால் அந்த வாரமே வந்துவிட்டார். பையை எடுத்தபோது உறையின் ஒரு மடிப்பில் மெல்லிய விரிசல், நகக்கண் அளவு. மயக்கம் தெளிந்த பிறகு அதை அவருக்குக் காட்டினேன். போன அறுவையின் அட்டையிலிருந்த அளவைப் பார்த்தே புதிய பையையும் நிரப்பியிருந்தேன். பத்து நாளில் தையல் பிரித்துக்கொண்டு போனார்.

அவருக்கு ஜெல் பை வைத்திருந்தால் அந்த விரிசல் எத்தனை வருஷம் தெரியாமல் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். தெரியாமல் இருப்பதால் எல்லோருக்கும் கெடுதல் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தன் உடம்புக்குள் இருக்கும் ஒரு பொருள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தானே தெரிந்துகொள்வது ஒரு பெண்ணின் உரிமை என்று நம்புகிறேன். சென்னையில் இருப்பவர் ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்வார். எங்கள் ஊரில் இருப்பவர் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த வித்தியாசம் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 2015 முதல் வைக்கப்படும் பைகளைப் பதிந்துவைக்கும் தேசியப் பதிவேடு ஒன்று நடக்கிறது. ஒரு வகைப் பையில் கோளாறு என்று தெரிந்தால் அது யார் யாருக்கு வைக்கப்பட்டது என்று எடுத்துப் பார்க்க முடியும். நம் மாநிலத்திலும் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்று பார்க்காமல் ஒவ்வொரு பையின் எண்ணும் அப்படி ஏறட்டும். இலவசமாகப் பை வைக்கிற அரசு, அதைப் பார்க்கிற அல்ட்ராசவுண்டையும் தாலுகா மருத்துவமனையிலேயே இலவசமாகக் கொடுக்கட்டும். மார்பகம் பார்க்கத் தெரிந்த ஒரு ரேடியாலஜிஸ்ட் வாரம் ஒரு நாள் மதுராந்தகம் வந்தால் போதும். அந்த நாள் வந்துவிட்டால், சலைனா ஜெல்லா என்பது அந்தப் பெண்ணின் விருப்பத்தை மட்டும் பொறுத்த கேள்வியாகிவிடும். அதுவரை, ஸ்கேனுக்குப் போக வழியில்லாதவர் என் எதிரே வந்து உட்கார்ந்தால், நான் முதலில் எடுத்து மேசையில் வைப்பது சலைன் பையாகத்தான் இருக்கும்.